இளையராஜாவின் ‘பிச்சைப் பாத்திரம்’

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுடையது. முழுநிலா இரவொன்றில் அப்பாதையோரமாக நாம் நடந்துகொண்டிருந்தோம். மனித வெள்ளம் என்று எழுத்தாளர்கள் எழுதுவதை அன்றுதான் கண்ணால் கண்டோம். பூசைப் பொருள்களும் பாட்டு ஏற்றிய சிறு கருவிகளும் விற்கும் கடை ஒன்றின் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பாட்டு வந்துகொண்டிருந்தது. அதன் நேர் கீழே, திருவோட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். நடந்து சென்றோரில் பலருடைய உதடுகள் அந்தப் பாட்டோடு சேர்ந்து அசைந்தன. ஓட்டில் விழுந்த காசுகள் மிகச் சிலவே.

இது எந்தப் பாட்டு என்று தெரிந்துகொண்டேதான் கடைக்காரரிடம் கேட்டோம். நம் தலையிலிருந்த தொப்பியைப் பார்த்துவிட்டு அவர், “என்ன பாய், தெரியாதா? ‘நான் கடவுள்’ படத்துப் பாட்டு” என்றார்.

அவர் சொன்னது பிழையன்று. ஆனால் முழு உண்மையுமன்று. ‘பிச்சைப் பாத்திரம்’ என்று தொடங்கும் அப்பாட்டு, பாலா இயக்கி 2009 பிப்ரவரியில் வெளிவந்த ‘நான் கடவுள்’ திரைப்படத்தில் இடம்பெற்றதென்பது மெய்தான். ஆயின் அது திரைக்கென்று பிறந்ததன்று. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, இதே ஊரில் வாழ்ந்து மறைந்த இரமண மகரிஷியின்மீது இளையராஜா தாமே எழுதி, தாமே இசையமைத்து, தம் குரலிலேயே பாடிய ‘ரமண மாலை’ என்னும் தொகுப்பில் இருந்தது. குருவுக்கென்று தொடுத்த மாலையிலிருந்து ஒரு பூவைப் பறித்துத் திரைப்பட வணிகத்துக்குக் கொடுப்பது முறையா? அப்படம் வெளிவந்தபோது நாமும் இக்கேள்வியைக் கேட்டோம். சற்றுக் கடுமையாகவே கேட்டோம். பாட்டை மீண்டும் மீண்டும் கேட்டபின் நம் கருத்து மாறிற்று. ஏன் மாறிற்று என்பதையும், எந்த ஒன்றில் மாறவில்லை என்பதையும் இங்கே எழுத விழைகிறோம்.

இளையராஜாவின் வரலாறு தமிழகம் நன்கறிந்தது. ஆதலின் நமக்கு வேண்டிய அளவே சொல்வோம். 1943இல் இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாட்டிசைத்துப் பெயர் பெற்றவர். அவருடைய குழுவோடு சிறு பருவத்திலேயே ஊர் ஊராகச் சென்று, ஆர்மோனியமும் குரலுமாக வளர்ந்தவர் இவர். 1960களின் இறுதியில் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசையின் இலக்கணம் பயின்றார். கன்னட, தமிழ்ப் படங்களின் இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகப் பணியாற்றினார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதன்பின் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்கள். 2010இல் பத்ம பூஷண், 2018இல் பத்ம விபூஷண், 2022இல் மாநிலங்களவை நியமனம், 2025 மார்ச்சில் இலண்டனில் சிம்பொனி அரங்கேற்றம். பட்டங்களையும் எண்ணிக்கையையும் அடுக்கினால் பக்கம் நிறையும், திறனாய்வு நடவாது.

நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. கட்சி மேடையில் தொடங்கிய குரல் அது. மக்களைக் கூட்டவும், நிறுத்திவைக்கவும், சொல்ல வந்ததை ஏற்றுக்கொள்ளச் செய்யவும் பாடிய குரல். அத்தகைய ஒருவர், மௌனத்தையே உபதேசமாகக் கொண்ட ஒரு துறவியைப் பாட்டால் அணுகுவதில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. இரமணர் 1896 செப்டம்பர் 1ஆம் நாள் இவ்வூரை அடைந்தபோது 16 வயதுச் சிறுவர். ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்தார். ‘நான் யார்?’ என்னும் சிறுநூலாக இன்று அச்சில் இருப்பது, 1902 அளவில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் கேட்ட வினாக்களுக்கு அவர் எழுதிக் காட்டிய விடைகளே. அவர் மறைந்தது 1950 ஏப்ரல் 14. அப்போது பண்ணைப்புரத்துச் சிறுவனுக்கு வயது 7கூட நிரம்பவில்லை. நேரில் காணாத ஒருவரிடம், அதுவும் பேசாதிருந்த ஒருவரிடம், பாட்டைக் கொண்டுசெல்ல வேண்டும். ஆயிரம் காட்சிகளுக்கு இசை எழுதிய கைக்கும் இது எளிய வேலையன்று.

‘ரமண மாலை’ முழுமையும் இவ்வேலையில் வென்றுவிட்டதாக நாம் கூறமாட்டோம். அதிலுள்ள பல பாடல்களில் சொற்கள் எதுகையின் பின்னே ஓடுகின்றன. ‘நான்’ என்பதைத் தேடிக் கரைக்கச் சொன்ன குருவின் முன்னே, பாடுகிறவருடைய ‘நான்’ அளவுக்கு மீறிப் பேசுகிறது. சில மெட்டுகள் கேட்ட மாத்திரத்திலே தித்திக்கின்றன. அந்தத் தித்திப்பே குறை. திரைப்பாட்டின் சரணத்தில் நாயகி திரும்பிப் பார்க்கும் இடத்தில் வரவேண்டிய நெளிவு, ஆசிரமத்து வாயிலில் வந்து நிற்கிறது. பக்தி மிகுதியால் எழுதப்பட்டது என்பதற்காக ஒரு படைப்பைத் தராசில் நிறுக்காமல் விடுவது படைத்தவருக்கும் மரியாதையாகாது. ஆனால் ‘பிச்சைப் பாத்திரம்’ அக்குறைகளிலிருந்து தப்பி நிற்கிறது. அதன் காரணம் இரண்டிடத்தில் உள்ளது: எடுத்துக்கொண்ட பொருளில் ஒன்று, தேர்ந்த இராகத்தில் ஒன்று.

பொருளை முதலில் பார்ப்போம். இவ்வுடலே பிச்சைப் பாத்திரம். அதை ஏந்திக்கொண்டு உன் வாயிலுக்கு வந்தேன் என்பது பாட்டின் சாரம். இந்தக் கற்பனைக்குத் திருவண்ணாமலையில் ஒரு முன்கதை உண்டு. இரமணர் மலைமேல் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், அவருடனிருந்த சாதுக்கள் ஊருக்குள் இறங்கிப் பிச்சையேற்று வருவர். அக்குழுவினரென்று பொய் சொல்லி வேறு சிலர் முன்கூட்டியே வந்து உணவைப் பெற்றுச் செல்லத் தொடங்கினர். ஆகவே தம்மை அடையாளப்படுத்த ஒரு தனிப்பாட்டு வேண்டுமென்று சாதுக்கள் கேட்டனர். அதன் பயனாகப் பிறந்ததே 108 கண்ணிகள் கொண்ட ‘அட்சர மணமாலை’. உயர்ந்த அத்துவைத நூலாக இன்று ஓதப்படும் அது, வீட்டுக்காரப் பெண்கள் சரியான ஆளுக்குச் சோறிடும் பொருட்டு எழுந்த பாட்டு! பசியும் ஞானமும் ஒரே பாத்திரத்தில் இருந்தன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நமக்குத் தெரிந்தவரை இல்லை.

இச்செய்தி நம் வாசகர்க்கு அயலானதாகத் தோன்றாது. ரமலான் மாதத்துப் பின்னிரவில் தாயிரா கொட்டித் தெருவை எழுப்பிச் சென்ற பக்கீர்மார்களின் குரலைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்கள் பாடிய ஞானப் பாட்டும் படியரிசிக்கான பாட்டே. குணங்குடி மஸ்தான் சாகிபு 1838இல் மறைந்தார். அவருடைய கண்ணிகளில் வாயிலில் நின்று இரக்கும் குரலுக்குப் பஞ்சமில்லை. பாரசீகத் துறவிகள் ஏந்திய கஷ்கூல் என்னும் கப்பரையும், நம் நாட்டுத் துறவிகள் ஏந்திய திருவோடும் ஒரே மரத்தின் காயோட்டால் ஆனவை என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. செஷல்ஸ் தீவுகளில் காய்த்து, கடலில் விழுந்து, அலையோடு மிதந்து கரை சேரும் இரட்டைத் தேங்காய் அது. விளைந்த இடத்தை அறியாமல், கடலுக்கடியில் காய்ப்பதென்று நெடுங்காலம் நம்பினர்.

இனி இராகம். பாட்டு மாயாமாளவகௌளையில் அமைந்தது. கருநாடக இசை கற்கப் போகும் எந்தக் குழந்தையும் முதல் நாள் பாடும் ச-ரி-க-ம இந்த இராகத்தில்தான் உள்ளது. புரந்தரதாசர் வகுத்த முறை என்பது மரபு. அதாவது, ஏதுமறியாதவன் முதன்முதலில் வாய்திறக்கும் சுர வரிசை இது. இசையின் எல்லா வாசல்களையும் திறந்து பார்த்த ஒருவர், குருவின் வாயிலில் வந்து நிற்கும்போது பாலபாடத்தை எடுத்துக்கொண்டார். ‘ஒன்றும் கொண்டு வரவில்லை’ என்பதை இதைவிட நயமாகச் சுரத்தால் சொல்ல இயலாது. சொற்களில் தாழ்மை பேசுவது எவர்க்கும் கைவரும். சுரத்தில் பேசுவது அரிது.

அந்த இராகத்தின் அமைப்பையும் கவனிக்க வேண்டும். சட்சமத்திலிருந்து மத்திமம் வரை உள்ள இடைவெளிகளே, பஞ்சமத்திலிருந்து மேற்சட்சமம் வரையிலும் அப்படியே திரும்ப வருகின்றன. ஒரு சிறு படி, பிறகு ஒரு பெருந்தாவல், மீண்டும் ஒரு சிறு படி. கீழே கேட்டதையே மேலேயும் கேட்கிறோம். அரபு இசையில் ஹிஜாஸ் எனப்படும் நாற்சுரக் கூட்டும் இதுவே. அதை இருமுறை அடுக்கினால் ஹிஜாஸ்கார் என்னும் மகாம். வடநாட்டார் இதே சுரங்களைப் பைரவ் என்று விடியற்காலையில் பாடுவர். மூன்று நாட்டிலும் இது மன்றாட்டுக்குப் பொருந்திய பண்ணாக இருப்பது தற்செயலென்று நமக்குத் தோன்றவில்லை; அந்தப் பெருந்தாவலுக்கு முன்னும் பின்னும் நெருங்கி நிற்கும் சுரங்கள், எட்டிப் பிடிக்க முயன்று தயங்கும் கையைப் போன்றவை.

இப்படி அமைந்த பாட்டு, தொகுப்பில் இருந்தவரை, ஒரு குறையோடுதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறோம். ‘பிச்சை’ அங்கே உருவகம் மட்டுமே. புகழின் உச்சியிலிருக்கும் ஒருவர், நற்சோறு உண்ட ஒருவர், தம்மை இரவலன் என்று கூறிக்கொள்கிறார். அது பொய்யன்று, பக்தி மரபு முழுவதும் அவ்வாறு பேசுவதே. என்றாலும் கேட்பவன் மனத்தின் ஓர் ஓரத்தில், ‘உமக்கென்ன குறை?’ என்னும் கேள்வி எழாமலில்லை.

‘நான் கடவுள்’ அந்தக் கேள்வியை அழித்தது. ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ நாவலிலிருந்து பெரும்பகுதி எடுத்துக்கொண்ட படம் அது. உடல் குறைபட்டவர்களைப் பிடித்து வைத்து, கோயில் வாசல்களில் இருத்தி, விழும் காசை எண்ணி எடுத்துக்கொள்ளும் தொழிலைக் காட்டியது. படத்தின் முரட்டுத்தனத்தை நாம் கொண்டாடவில்லை. அடியும் இரத்தமும் ஓலமுமாகப் பார்வையாளனை அது வதைக்கிறது, சிந்திக்கவிடாமல் தாக்குகிறது. உடலூனமுற்ற மெய்யான மனிதர்களையே நடிக்க வைத்ததன் அறம் பற்றி விவாதிக்க நிறைய இடமுண்டு. ஆனால் இப்பாட்டு வரும் சில நிமிடங்களில் படம் தன் கையை இறக்கிக்கொள்கிறது. அந்த உடல்களைப் பார்த்துக்கொண்டே ‘இவ்வுடல் ஒரு பிச்சைப் பாத்திரம்’ என்று கேட்கும்போது அது உருவகமாக இருப்பதை நிறுத்திவிடுகிறது. அங்கே உடல் மெய்யாகவே பாத்திரம்; அதன் குறையைக் காட்டித்தான் காசு விழுகிறது. விரூபாட்ச குகைச் சாதுக்களின் பாட்டு எந்தத் தெருவில் பாடப்பட்டதோ, அந்தத் தெருவுக்கு இளையராஜாவின் பாட்டு திரைப்படத்தின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது.

அதே படத்தில் காசிக் காட்சிக்கு வாலி வடமொழியில் எழுதிய பாட்டொன்றும் உண்டு. இடியும் உடுக்கையும் போல் முழங்குவது. இளைஞர் பலர் அதையே பெரிதும் போற்றுவர். நாம் அதன் ஆற்றலை மறுக்கவில்லை. ஆயின் ‘நான் கடவுள்’ என்று கொட்டி முழக்கும் அந்தப் பாட்டுக்கும் ‘நான் யார்?’ என்று கேட்டுவிட்டு அமைதியுற்ற இரமணருக்கும் நடுவே ஒரு திருவோட்டை வைத்திருக்கிறார் இசையமைப்பாளர். படத்தின் தலைப்பு விடை சொல்கிறது. இந்தப் பாட்டு மட்டும் கேள்வியை இழக்காமல் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் இரவலர் பாடும் பாட்டு நெடுங்காலமாகத் திரைப்பாட்டே. சென்னை மின்தொடர் வண்டியில் கண்ணிழந்த பாடகர் ஒருவர் பெட்டியிலிருந்து பெட்டிக்குச் செல்லும்போது அவர் வாயில் வருவது தேவாரமன்று. ‘நான் கடவுள்’ படத்தின் கண்பார்வையற்ற நாயகியும் பழைய திரைப்பாடல்களைப் பாடியே இரக்கிறாள். பாவலர் குழுவின் பாட்டுக்குக் கட்சி மேடை எப்படி இயல்பான இடமோ, அப்படி இரவலர் பாட்டுக்கு இந்நாளில் திரை இயல்பான இடமாகிவிட்டது. இதைக் கீழான வீழ்ச்சி என்று கருதுவோர் கருதுக. அட்சர மணமாலையின் பிறப்பை அறிந்தபின் நமக்கு அப்படிக் கருத மனம் வரவில்லை.

இதற்கு மாறாக, 2005இல் வெளிவந்த ‘திருவாசகம்’ இசைப்படைப்பை எண்ணிப் பார்க்கிறோம். புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழு, பெரும் கூட்டுக் குரல்கள், ஆங்கில வரிகள், ஆண்டுக்கணக்கான உழைப்பு. அதன் உயரத்தை நாம் வணங்குகிறோம். ஆனாலும், ‘பிச்சைப் பாத்திர’த்தில் உள்ள நெருக்கம் அதில் நமக்குக் கிட்டவில்லை. மாணிக்கவாசகர் உருகுகிறார், இசைக்குழுவோ உருகுவதை விளக்குகிறது. திருவண்ணாமலையில் பாடப்பட்டதென்று மரபு கூறும் திருவெம்பாவை அத்தொகுப்பின் ஆறு பகுதிகளில் இடம்பெறவில்லை என்பது இவ்வூரில் இருந்து இதை எண்ணும்போது சிறு ஏக்கத்தைத் தருகிறது.

இனி, நம் கருத்து மாறாத அந்த ஒன்றைச் சொல்லிவிடுவோம். திரைப்படத்தில் இப்பாட்டைப் பாடியவர் மது பாலகிருஷ்ணன். நல்ல சாரீரம், கனமும் தெளிவும் உடையது, சுருதி வழுவாதது. அந்தக் குறையின்மையே இங்கே குறையாகிறது. தொகுப்பில் இளையராஜாவின் சொந்தக் குரல் கரகரக்கிறது, மேற்சுரத்தில் நூலிழையாகி நடுங்குகிறது. இரப்பவன் குரல் அப்படித்தான் இருக்கும். படம் பாட்டுக்கு மெய்யான உடல்களைக் கொடுத்தது. கொடுத்த கையாலேயே மெய்யான குரலை எடுத்துக்கொண்டது.

முரட்டுக் குரலின் மதிப்பை அறியாதவரல்லர் இளையராஜா. 1992இல் ‘செம்பருத்தி’யிலும் 1997இல் ‘ராமன் அப்துல்லா’விலும் நாகூர் ஈ. எம். ஹனீபாவைப் பாடச் செய்தவர் அவரே. ஒலிபெருக்கி சரியாக இல்லாத திடல்களிலும் கடைசி வரிசை வரை கேட்கவேண்டிக் கட்டிய குரல் ஹனீபாவுடையது. திராவிட இயக்க மேடையும் மீலாது மேடையும் செதுக்கிய குரல். ஒலிப்பதிவுக் கூடத்தின் நளினங்களுக்கு அது வளையாது. வளைக்க இளையராஜா முயலவும் இல்லை. மெட்டைத்தான் அந்தக் குரலின் ஓங்கிய நிலைக்கு ஏற்ப அமைத்தார். மேடையில் வளர்ந்தவர், மேடையில் வளர்ந்த இன்னொருவரை அடையாளம் கண்டுகொண்டார் என்றே நாம் அதைக் கொள்கிறோம். அன்று அந்தத் துணிவு இருந்தவருக்கு 2009இல் தம் குரலையே திரையில் விட்டுவைக்க ஏன் தோன்றவில்லை? இரவலர் வாழ்வைக் காட்டும் காட்சியில், அழகிய குரல் ஒரு மேற்போர்வையாகப் படர்ந்து, காண்பவன் மனவேதனையைச் சற்றுத் தணித்துவிடுகிறது. தணிக்காமல் விட்டிருக்க வேண்டும்.

அன்றிரவு அந்தக் கடைக்காரரிடம், இதே பாட்டு இளையராஜாவின் குரலில் உள்ள பழைய பதிவு கிடைக்குமா என்று வினவினோம். பெட்டிகளைப் பொறுமையாகத் தேடினார். பிறகு, “இருந்துச்சு பாய். இப்ப யாரும் கேக்கறதில்ல, அதனால ஏத்தல” என்றார். ஒலிபெருக்கியில் அதற்குள் வேறு பாட்டு மாறியிருந்தது. கீழே அமர்ந்திருந்த முதியவர் ஓட்டிலிருந்த காசைத் துணியில் முடிந்துகொண்டு, அடுத்த இலிங்கத்துச் சன்னிதியை நோக்கி நடக்கலானார்.